குறை யாரிடம்?

ஆப்பியா என்ற தீவு நகரத்தில், மருத்துவமனை வராந்தாவில், விந்துப் பரிசோதனைக்குக் கொடுத்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனெலேவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"ரக்பில ஆறு பேரை ஒண்ணா சாய்க்கிறவன், இத்துனூண்டு டப்பாவைப் பார்த்து நடுங்குறியே!" என்று அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி சிரித்தாள் மனைவி மாலியா.

"குறை என்கிட்டதான்னு வந்துட்டா?"

"வரட்டுமே. அதுக்காக உன்னை விட்டுட்டுப் போயிடுவேனா, பைத்தியம்?"

கல்யாணமாகி ஆறு வருடம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவன் அக்காமார் அவளை எவ்வளவு குத்திப் பேசினாலும், மாலியா அவனை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்படிப்பட்டவளுக்கு ஒரு பிள்ளையைக் கொடுக்க முடியாமல் போய்விடுமோ என்பதுதான் அவன் பயமெல்லாம்.

அந்த வழியாகப் போன நர்ஸ் சட்டென்று நின்றாள்.

"அட, மாலியா! நானே உன்னைக் கூப்பிடணும்னு இருந்தேன். கையில வச்ச கருத்தடைக் குச்சிக்கு அடுத்த மாசத்தோட அஞ்சு வருஷம் முடியுது. இந்தத் தடவையும் புதுசு வச்சிடலாம்ல?"

எனெலே திரும்பிப் பார்த்தான். மாலியாவின் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. அவள் கை மட்டும், நிறுத்த மறந்து, அவன் முதுகை ஆறுதலாகத் தட்டிக்கொண்டே இருந்தது.