புது சீல்

எட்டாவது முயற்சியில் சி.ஏ. பாஸாகி மங்கையர்க்கரசி சொந்தமாக ஆபீஸ் திறந்த அன்று காலையிலேயே, அவளுடைய பழைய முதலாளி ஆடிட்டர் வைத்தீஸ்வரன் ஒரு கட்டுக் கோப்புகளோடு வந்துவிட்டார். பரீட்சைக்குக்கூட லீவு தராதவர். அவள் கொடுத்த காபியை உறிஞ்சியபடி சொன்னார்.

"ஒரு ஆடிட்டருக்கு வருஷத்துக்கு அறுபது கணக்குதான்னு சட்டம். எனக்கு அறுபது முடிஞ்சுபோச்சும்மா. இதுல எல்லாம் நீ கையெழுத்து போட்டுடு. படிக்கவே வேண்டாம்."

பரிசாக ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். உள்ளே, அவள் பெயர் பொறித்த சீல். திருப்பிப் பார்த்தாள். ரப்பரில் ஊதா மை இன்னும் காயவில்லை.

"எத்தனைல குத்தியிருக்கீங்க, சார்?"

"உனக்கு வேலை மிச்சம்னுதான்..."

ரப்பரை நகத்தால் பிய்த்தெடுத்து அவருடைய காபியில் போட்டாள்.

"குடிச்சிட்டுப் போங்க."