அவர்

நாடு விடுதலை பெற ஒரு நாள் இருக்கும்போது, முதல் தலைவராக இருந்திருக்க வேண்டியவர் மாரடைப்பில் இறந்துபோனார். அவருடைய அளவுக்குச் செய்த உயரமான நாற்காலி மண்டபத்தில் காலியாக நின்றது. இனி யார் தலைவர் என்று சபை உறுப்பினர்கள் காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கப்பல் முதலாளி வந்தால் வணிகம் பெருகும், வக்கீல் மாசிலாமணி வந்தால் சட்டம் நிலைக்கும் என்று ஆளுக்கொரு நாட்டைக் கற்பனை செய்தார்கள். துறைமுக வேலைநிறுத்தத்தை நடத்திச் சிறை சென்று வந்த பொற்கொடி, கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள்.

"நான் வந்தா?"

மண்டபம் சிரித்தது.

"அது தலைவர் நாற்காலிம்மா. தலைவி நாற்காலி இல்ல" என்றார் மாசிலாமணி.

"ஜெயிலுக்குப் போக மட்டும் நாங்க வேணுமா? சட்டம் நீங்க எழுதினதுதானே அண்ணே, தலைவர எங்கயாவது 'அவன்'னு எழுதியிருந்தா காட்டுங்க, என் எடத்துக்கே போய் உக்காந்துடறேன்."

மாசிலாமணி பக்கங்களைப் புரட்டினார். 'அவர் பதவியேற்பார்.' 'அவர் ஆணையிடுவார்.' என்றாவது தாமும் அந்த நாற்காலியில் அமரலாம் என்ற ஆசையில், ஒரு வரியில்கூட அவர் மரியாதையைக் குறைக்கவில்லை.

"இப்பவே 'அவன்'னு மாத்திடலாமே" என்றது ஒரு குரல்.

"யாரய்யா அவன்?" என்று சீறினார் கப்பல் முதலாளி.

அதற்குள் பொற்கொடி நாற்காலியில் ஏறி அமர்ந்துவிட்டாள். கால்கள் தரையைத் தொடவில்லை. ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"தச்சரைக் கூப்பிடுங்க. ரம்பத்தோட வரச் சொல்லுங்க" என்றார் பொற்கொடி.