நாக்கு கீறாத ஓரம்

ஐம்பத்திரண்டு மணித்தியாலமாக அந்தத் தாடை என் மேசையில் கிடந்தது. நான் இன்னும் அதற்கு வயது எழுதவில்லை.

எழுபத்தாறாம் ஆண்டு ஏப்ரல், வேட்டைக்காலம். சிட்னியைச் சுற்றியுள்ள வேட்டைச் சங்கங்கள் தாங்கள் சுட்ட ஆண் மான்களின் கீழ்த்தாடைகளை எங்கள் ஆய்வுகூடத்துக்கு அனுப்பும். பல்லைப் பார்த்து வயது சொல்வது என் வேலை.

கொம்பை நம்ப முடியாது. நல்ல புல் கிடைத்த மூன்று வயது மான், வறண்ட காட்டின் ஆறு வயது மானைவிடப் பெரிய கொம்பு வைத்திருக்கும். உடம்பு வளர்ந்து முடிய ஐந்து வயதாகும். அதைப் பல்தான் சொல்லும். மேலே உள்ள வெள்ளை தேயத் தேய, உள்ளே இருக்கும் பழுப்பு அகன்று தெரியும்.

இந்தத் தாடையில் பழுப்பு அகலமாகவே தெரிந்தது. ஐந்து என்று எழுதியிருக்கலாம்.

ஆனால் இடப் பக்கமும் வலப் பக்கமும் ஒரே அளவு தேய்ந்திருந்தன. எந்த மானும் அப்படி மெல்லாது.

தாடையில் கட்டியிருந்த அட்டையில் விக்னராஜா என்று பெயர் இருந்தது.

பரமட்டாவில் பல் வைத்தியர். நான் இந்த நாட்டுக்கு வந்த அன்று விமான நிலையத்தில் காத்திருந்தவர். இரண்டு வருடம் கேட்டுக் கேட்டு அந்தச் சங்கத்தில் சேர்ந்தவர். அங்கே வெள்ளையர் அல்லாத ஒரே ஆள். ஐந்து வயதுக்குக் குறைந்த மானைச் சுட்டவரைச் சங்கத்திலிருந்து நீக்கிவிடுவார்கள்.

நேற்றிரவு அவர் மனைவி நாகேஸ்வரி அக்கா தொலைபேசியில் அலுத்துக்கொண்டார். "ஞாயிறு முழுக்க கிளினிக்கிலைதான் நிண்டவர். ஆற்றையோ பல்லாம்."

ஞாயிற்றுக்கிழமை யாருக்குப் பல் நோவு என்று நான் கேட்கவில்லை.

இன்று மதிய இடைவேளையில் அவரே வந்து நின்றார்.

"என்ன பிள்ளை, மானுக்குச் சாதகம் எழுதி முடியேல்லையோ? செவ்வாய் தோஷம் கிடக்கோ?"

சிரித்தேன். கதிரையைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

"வெடி எங்கை பட்டது, அண்ணை?"

"கழுத்திலை... நெஞ்சடியிலை." அவர் கண் தாடையில் இல்லை. யன்னலில் இருந்தது.

கோழி வெட்டும்போது குசினிப் பக்கமே வராத மனிதர். சின்ன மானைக் கொன்றுவிட்ட வெட்கம் என்று நினைத்தேன். வெட்கப்படுகிறவர் ஏன் ஏமாற்ற வேண்டும் என்றும் நினைத்தேன்.

தாடையை எடுத்து, பல்லின் ஓரத்தை விரலால் தடவினேன்.

புல் மென்று தேய்ந்த பல்லின் ஓரம் விரலைக் கீறும். இது வழவழவென்று இருந்தது.

போன மாதம் அவர் என் கடைவாய்ப் பல்லை அடைத்தார். கடைசியில் ஓரத்தை இப்படித்தான் மினுக்கிவிட்டார். நாக்கு கீறாமல் இருக்க, என்றார்.

செத்த மானுக்கும் அவர் கை அதை மறக்கவில்லை.

தாடையைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

"அண்ணை, வேரைப் பாத்தால் இது மூண்டு வயசு மான். மிச்சம் நீங்கள் அராவினது. நான் மூண்டெண்டுதான் எழுதுவன்."

கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். விமான நிலையத்தைச் சொல்லிக்காட்டுவார் என்றும் பயந்தேன்.

அவர் மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார்.

"எழுதும்," என்றார்.

எழுதினேன். மை காயும்வரை அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய சுமை ஒன்றை இறக்கிவைத்தவர்போல இருந்தார். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"ஏன் அண்ணை, இவ்வளவு சின்னதைச் சுட்டனீங்கள்?"

"சுட்டது சங்கத் தலைவர், பிள்ளை. தன்ர பேருக்குப் பதிலா என்ர பேரைப் போடச் சொன்னவர். என்ர கையிலை சங்கத்துக்காரர் இன்னும் சுடுறதுக்கு ஒரு துவக்கே தரேல்லை."