முட்டிக்கு வைத்த நேர்ச்சை

பாதி மணலைத் தாண்டிவிட்டாள்.

வேளாங்கண்ணியில் முட்டி போட்டு நகர்கிறவர்கள் அவரவர் நேர்ச்சையைத்தான் தீர்ப்பார்கள். அவள் தீர்ப்பது மகனுடையதை.

மகன் கஸ்பார் பக்கத்தில் நடந்து வருகிறான். இரண்டு காலில், நெட்டையாக, முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

போன வருடம் வள்ளத்தைக் கரையேற்றும்போது வழுக்கி நங்கூரத்தின் மேல் விழுந்தான். வலது முட்டிச்சில்லு மூன்று துண்டு.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று அவள் வாய்க்கு வந்ததை வேண்டிக்கொண்டாள். சில்லு கூடினால், அவனையே முட்டி போட்டு நடக்க வைக்கிறேன் மாதாவே.

வேறு எதையாவது வேண்டியிருக்கலாம். மெழுகுவர்த்தி, மொட்டை, என்னவெல்லாம் இருக்கிறது. அந்த நேரத்தில் யாருக்குப் புத்தி வேலை செய்யும்?

சில்லு கூடிவிட்டது. எலும்புக்குள் இரண்டு ஊசிக்கம்பி, அதைச் சுற்றி எட்டுப் போல முறுக்கிய ஒரு கம்பி. உடைந்த கோடே தெரியாத எக்ஸ்ரேயை வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினாள்.

நேர்ச்சையைக் கேட்டதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, கம்பி தோலுக்குக் கீழேயே இருக்கு. மணல்ல போட்டுத் தேய்க்கவா நான் இவ்வளவு பாடுபட்டேன்? அது மட்டும் வேண்டாம். மத்தபடி குத்தவச்சு உக்காரலாம், கடலுக்குப் போகலாம். எலும்பு நல்லா கூடியிருக்கு. இவன்தான் பயப்படுறான்."

உண்மைதான். ஆஸ்பத்திரியில் பிடித்து மடக்கிவிட்டால் மடங்குகிற கால், வீட்டுக்கு வந்தால் மடங்காது. குத்தவைத்தால் சில்லு மறுபடி பிளந்துவிடும் என்று அவனுக்கு எண்ணம். நாற்காலியில் காலை நீட்டியே மாதங்களை ஓட்டினான்.

வள்ளத்தில் நாற்காலி ஏது? குத்தவைக்க முடியாதவனுக்கு வலையும் இல்லை, கடலும் இல்லை.

கஸ்பார் இனிக் கரைக்குத்தான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவள் காதுபடவே பேசினார்கள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவனால் மணலில் முட்டி போட முடியாது. மாதாவிடம் சாக்குச் சொல்லவும் முடியாது. அதனால் அவளே இறங்கிவிட்டாள், ஐம்பத்தெட்டு வயது முட்டியோடு.

மணல் சுட்டது.

தோல் உரிந்தது.

கை கொடுக்க வந்த மூன்று பேரை முறைத்தே விரட்டினாள்.

மணற்பாதை முடிகிற மாதா குளத்துக் கோயில் வாசல் வந்துவிட்டது. சிலுவை போட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் கண்ணை மூடியிருந்தாள். பிறகு எழுந்திருக்கப் பார்த்தாள்.

முடியவில்லை.

மகன் கையைப் பிடித்துத் தூக்கினான். இடுப்பு வந்தது, கால் வரவில்லை. அப்படியே மணலில் சரிந்து உட்கார்ந்தாள். வலியில் கண்ணில் தண்ணீர் முட்டியது.

அவன் ஒரு கணம் நின்று பார்த்தான்.

பிறகு கைலியை மடித்துக் கட்டினான். அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான்.

உட்கார்ந்தான்.

குத்தவைத்து, இரண்டு குதிகாலும் மணலில் அழுந்த, தொடை கெண்டைக்காலில் பதிய.

"ஏறும்மா."

அவள் ஏறவில்லை.

பக்கவாட்டில் சாய்ந்து அந்த வலது முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் தழும்பு இழுபட்டு வெளுத்திருந்தது. முட்டி முழுசாக மடங்கியிருந்தது. ஒன்றும் பிளக்கவில்லை. அவன் இன்னும் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் முட்டி எரிவதே மறந்துபோனது.

திரும்பிப் பார்த்தாள். அவர்களோடு ஒரே வேனில் வந்த தெருக்காரர்கள், மணற்பாதையின் ஓரமாக ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள்.

"என்னம்மா, ஏறேன். கால் வலிக்குதா?"

"செத்த நேரம் அப்படியே இருல," என்றாள். "வேன்ல வந்தவுக எல்லாரும் வரட்டும்."