ஒரு லேண்டிங் கம்மி

ஹெலிகாப்டர் பைலட் லைசென்ஸ் வாங்கி எட்டு மாதமாகியும் சினேகாவுக்கு வேலை கிடைக்கவில்லை. போன வாரம்தான் ஒரு கம்பெனி, லாக் புக் கணக்கைக் கூட்டி அனுப்பச் சொல்லியிருந்தது. வேங்கிக்கால் வீட்டில் மேசைமுன் உட்கார்ந்து பயிற்சிக்காலப் பக்கங்களைக் கூட்டினாள்.

மேலே ஏறியது 318. தரையில் இறங்கியது 317.

நான்கு முறை கூட்டிப் பார்த்தாள். பிறகு வரிவரியாக விரல் வைத்துத் தேடினாள். முதன்முதலாகத் தனியே பறந்த நாளில், இறங்கியதை எழுதும் கட்டம் காலியாக இருந்தது. பக்கத்தின் அடியில் பயிற்றுநரின் கையெழுத்து இருந்தது. அவருக்கே போன் போட்டுக் கேட்டாள்.

"தெரியும்மா. நீ எறங்குனத நான் பாக்கல. அதான் எழுத வேணாம்னு விட்டுட்டேன்."

"அப்ப நான் எப்படி சார் வந்தேன்?"

"சாயந்தரம் கேன்டீன்ல உக்காந்து டீ குடிச்சிட்டிருந்த. கேக்க எனக்கு பயமா இருந்துச்சு."

போனை வைத்தபோது மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா குரல் கொடுத்தாள்.

"சினேகா, காலைலேர்ந்து ஒரு ஹெலிகாப்டர் கிரிவலம் போறாப்ல மலைய சுத்திட்டே இருக்குது. இப்ப நம்ம பக்கத்து மனையில எறங்குது பாரு."

ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. புழுதி உள்ளே வந்தது. லாக் புக்கின் பக்கங்கள் தாமாகப் புரண்டு அந்தக் காலிக் கட்டத்தில் வந்து நின்றன.

மாடியில் அம்மா சுவரோரம் வந்து, பைலட் சீட்டில் இருந்தவளை எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"சினேகா, நீ கீழதான இருக்கற?"

சினேகா இரண்டு கைகளாலும் மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.