மிதவையைத் தொட்டவன்

"கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்க. இனிமே தப்பிக்க முடியாது!"

படகை விட்டு இறங்கிய, கடல் சிப்பி எடுத்து விற்கும் மட்டிக்காரரை மறித்துக்கொண்டு நின்றார், தண்ணீரைக் கண்காணிக்கும் டெக்னீஷியன்.

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு மிதவை. அதிலுள்ள கருவி, வயல் உரமும் சாக்கடையும் தண்ணீரை எவ்வளவு கெடுத்திருக்கின்றன என்று கால் மணிக்கொரு தரம் ஆபீஸுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அளவு மீறினால் படகுத்துறையில் சிவப்பு விளக்கு எரியும். அன்று யாரும் மட்டி எடுக்கக் கூடாது.

ஒரு மாதமாக வியாழன்தோறும் காலையில் கணக்கு எகிறியது. மேலதிகாரி டெக்னீஷியனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

"எவனோ கருவியில கை வைக்கிறான்யா. இன்னைக்குள்ள ஆளைக் காட்டு. இல்லேன்னா உன்னைத் தூக்கிட்டு வேற ஆளைப் போட்டுடுவேன்!"

ஐந்து மிதவைக்கு இவர் ஒருத்தர். ஆபீஸ் படகு பழுதாகி நாலு மாதம். பாவம், சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

"மிதவைல என்னத்தை ஊத்தினீங்க?"

"ஊத்தலை சார், துடைச்சேன்." பழைய பல் பிரஷ்ஷைக் காட்டினார் மட்டிக்காரர். "கருவிக் கண்ணாடி மேல விரல் கனத்துக்குப் பாசி. அது மூடிட்டா கருவிக்கு என்ன தெரியும்? எல்லாம் நல்லாருக்குன்னு பச்சை விளக்கைப் போட்டுடுது."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன மாசம் பச்சையை நம்பி மட்டி எடுத்து வித்தேன். தின்ன பதினோரு பேர் ஆஸ்பத்திரில. மனசு கேக்காம மிதவைக்குப் போய்ப் பார்த்தேன். துடைச்ச கால் மணில சிவப்பு! ஒரு வாரத்துல மறுபடி மூடிடுது சார், அதான் வாராவாரம் போறேன்."

"சிவப்பு எரிஞ்சா உங்க பொழைப்புலதானே மண்ணு விழுது?"

"விழுதுதான். வீட்டுக்காரி கிழி கிழின்னு கிழிக்கிறா. அதுக்காக அடுத்தவன் வயித்துல விஷத்தைப் போட முடியுமா?"

டெக்னீஷியனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

போன் அடித்தது. மேலதிகாரி.

"என்னய்யா, ஆள் சிக்கினானா?"

"சிக்கிட்டான் சார்."

"விடாதே! என்ன பண்ணியிருக்கான்?"

"நாலு மாசமா மிதவைப் பக்கமே போகாம, வாராவாரம் 'கருவி சுத்தம் செய்யப்பட்டது'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கான் சார்."

"யாருய்யா அந்தப் பாவி?"

"நான்தான் சார்."