ராவி எடுத்த முத்திரை

பழங்காலச் சண்டைகளை மைதானத்தில் நடித்துக் காட்டும் குழு ஒன்று இருந்தது. அந்தக் குழுவுக்காகப் பட்டறைக்காரர் ஆரோன், யாரோ வேண்டாமென்று தள்ளிய நெட்டையும் குட்டையுமாக இரண்டு மாதிரித் துப்பாக்கிகளை வாங்கி வந்தார். பார்க்க அந்தக் காலத்துத் துப்பாக்கி போலவே இருக்கும். சுட்டால் சத்தமும் புகையும் வரும், குண்டு வராது. செய்த தொழிற்சாலையின் முத்திரை குழல்மேல் பளிச்சென்று தெரிந்தது.

"இதைப் பார்த்தா ஜனங்க சிரிப்பாங்க" என்று சொல்லி, ஆரோன் நெட்டைத் துப்பாக்கியின் முத்திரையை அரத்தால் ராவி எடுத்தார். துருவைத் தேய்த்து, கட்டைக்கு எண்ணெய் பூசி, சுவரில் சாத்தி வைத்தார்.

"நான் கோட்டைவாசல் சண்டையில இருந்தவன்" என்றது நெட்டை.

குட்டைத் துப்பாக்கி விழுந்து விழுந்து சிரித்தது. "ரெண்டு பேரும் ஒரே சாக்குலதானே வந்தோம்? நீ எந்தக் கோட்டையைப் பார்த்தே?"



மறுநாள் அரம் குட்டையின் முத்திரையையும் ராவித் தள்ளியது. எண்ணெய் மினுமினுக்க அது நெட்டையின் பக்கத்தில் வந்து நின்றது.

பிறகு குட்டை மெல்லத் தொண்டையைச் செருமியது.

"அண்ணே, அந்தக் கோட்டைவாசல் சண்டையில அன்னிக்கு மழைதானே?"

"பேய் மழை" என்றது நெட்டை. "உன் வெடிமருந்து நனைஞ்சுபோச்சுன்னு நான்தானே கொஞ்சம் கொடுத்தேன். மறந்துட்டியா?"